பாதி விழுங்கிய தொண்ணூறு

கலை, பிரபு, நேற்று பிரபு கணக்கில் வாங்கிய மார்க்கைப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் நான் "நைன் ஜீரோ" என்று சொன்னேன். அவர்கள் "ஐயோ பாவம், ஒண்ணுல ஒம்பது, இன்னொண்ணுல சைபரா?" என்று பிரபுவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். நீங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அப்பாவுக்குத் தொண்ணூறுன்னு சொல்லவே வராது" என்றாள் கலை. வரும் கலை. நன்றாகவே வரும். சொல்வதில்லை, அவ்வளவுதான். நீங்கள் அரக்கோணத்திலிருந்து இந்த ஊருக்கு வர ஒரு வருடம் பிந்தியதற்கு அந்த ஒரு சொல்தான் காரணம். உங்கள் அம்மாவுக்குப் பாதி தெரியும். மீதியையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். நேரில் சொன்னால் இதுவும் சிரிப்பாகப் போய்விடும். ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வரப்போகிற நம் பிள்ளைகள் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

நான் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன். அரக்கோணத்தில் நான் வேலை பார்த்த ஷெட்டில் வெல்டிங் என்றால் வெளிச்சம். தெருவில் போகிறவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டு போவார்கள். என் சட்டைகளில் பொறி விழுந்த ஓட்டைகளை உங்கள் அம்மா எண்ணிக் காட்டுவாள். பெங்களூருக்கு வந்து, பீனியாவில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் நாள், வெல்டிங் பகுதி எது என்று கேட்டேன். ஒரு மில்லிங் மெஷினைக் காட்டினார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு அலுமினியத் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கீழே கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள். மேலிருந்து ஒரு கெட்டி இரும்பு முனை சுற்றிக்கொண்டே இறங்கி, சேருமிடத்தில் அழுத்துகிறது. அந்தத் தேய்ப்பில் பிறக்கும் சூட்டில் அலுமினியம் உருகுவதில்லை, களி பதத்துக்கு இளகுகிறது. முனை அதைக் கிண்டிக்கொண்டே மெதுவாக நகர்கிறது. பின்னால் இரண்டு தகடும் ஒன்றாகியிருக்கின்றன. பொறி இல்லை, புகை இல்லை, ராடு இல்லை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லை. உரசிக் கிண்டும் வெல்டிங் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். அங்கே எல்லோரும் எஃப்.எஸ்.டபிள்யூ. என்பார்கள். வெளிச்சமில்லாத வேலையை வெல்டிங் என்று கடிதத்தில் எழுதவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அதில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. முனை ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது ஒன்று. நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பது இன்னொன்று. சுற்று குறைந்தால் சூடு போதாது. மேலே பார்த்தால் பளபளவென்று, காசு அடுக்கிய மாதிரி வளைவு வளைவாக அழகாகவே இருக்கும். உள்ளே மட்டும் ஒரு துளை, எலி வளை மாதிரி, நெடுக ஓடும். பழைய வெல்டிங்கில் தப்பு முகத்திலேயே தெரிந்துவிடும். இதில் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாத் தகட்டையும் எக்ஸ்ரே எடுப்பதுமில்லை, ஏதோ ஒன்றிரண்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். தகடுகள் எங்கே போகின்றன, எதில் பொருத்துகிறார்கள் என்று எங்களுக்குச் சொல்வதும் கிடையாது. தரையில் ஓடுவதோ ஆகாயத்தில் பறப்பதோ, யாரோ ஒருவர் அதை நம்பி உட்காரப்போகிறார் என்று மட்டும் தெரியும்.

என்னோடு மெஷினில் நின்றவர் சித்தராஜு. மண்டியா பக்கத்துக்காரர், என் வயதுதான். நான் தகட்டுப் பக்கம், அவர் கியர் லிவர் பக்கம். தமிழ்ப் படம் பார்த்துப் பார்த்து ஒரு தமிழ் பேசுவார், அதில் பாதி சண்டைக் காட்சி வசனமாக இருக்கும். எனக்கு ஒரு வருடத்தில் கன்னடம் பிடிபட்டுவிட்டது. டீ கேட்க, சண்டை போட, லீவு சொல்ல எல்லாம் வரும். எண்ணுவதற்கு மட்டும் வராது. கணக்கு என்று வந்தால் வாய் தானாகத் தமிழுக்குப் போய்விடும். புரியாத எண்ணைத் திரும்பக் கேட்டுக்கொள்ள சித்தராஜுவும் பழகியிருந்தார்.

அந்த வருடம் தண்ணீர்த் தகராறு வந்தது. அதைப் பற்றி நியாயம் பேச எனக்குத் தெரியாது. தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்களில் போஸ்டரைக் கிழித்தார்கள், கேபிளில் தமிழ்ச் சேனல் நின்றது, நம்மூர் பஸ்கள் ஓசூரோடு திரும்பின. நான் மர்பி டவுனில் ஓர் அறையில் இருந்தேன். வீட்டுக்காரர் "நாங்க மூணு தலைமுறையா இங்கதாம்பா இருக்கோம். எங்களுக்கே இந்த வாரம் வாய் கம்மி. நீ பாத்து நடந்துக்கோ" என்றார். எனக்கு யாரும் ஒரு தீங்கும் செய்யவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். ஆனால் பயத்துக்கு அது போதவில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டிவிட்டு வாய் திறக்காமல் நின்றேன். எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள் என்று உங்களோடு கன்னடத்தில் பேசினேன். கலை, உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு எட்டு வயது. "ஊட்டா ஆய்தா?" என்று சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன். நீ "அம்மா, யாரோ தெலுங்குக்காரரு, ராங் நம்பர்" என்று போனை வைத்துவிட்டாய். திரும்பப் போடாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் அது நடந்தது. முந்தின நாள் முழுக்கச் சாதாரண அலுமினியத் தகடு ஓட்டியிருந்தோம். அதற்குச் சுற்று தொள்ளாயிரம். அன்றைக்கு வந்தது பீங்கான் மாதிரிக் கடினமான தூள் கலந்த அலுமினியம், முனையையே தின்றுவிடும் சரக்கு. அதற்குச் சுற்று ஆயிரத்து நூற்றிருபதாக ஏற்ற வேண்டும். நகர்வு இரண்டுக்கும் ஒன்றுதான், தொண்ணூறு. நான் குனிந்து கிளாம்ப் இறுக்கிக்கொண்டிருந்தேன். சித்தராஜு லிவர் பக்கத்திலிருந்து "எஷ்டு?" என்று குரல் கொடுத்தார். எவ்வளவு என்று அர்த்தம். சுற்று எவ்வளவு என்று அவர் கேட்டார், நகர்வைக் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். கதவருகே புதிதாக வேலைக்குச் சேர்ந்த மூன்று பேர் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள், அந்தத் தகராறைத்தான் சத்தமாகப் படித்தார்கள். "தொண்" வரைக்கும் என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. "ணூறு" மட்டும் வெளியே வந்தது. கன்னடத்தில் நூறு என்றால் நூறுதான். தொள்ளாயிரம் என்பதற்கு அவர்கள் ஒம்பைநூறு என்பார்கள். லிவர் ஏற்கெனவே தொள்ளாயிரத்தில் நிற்கிறது, நானும் ஏதோ நூறு என்கிறேன். நேற்று மாதிரியேதான் என்று அவர் எடுத்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார்.

தகடு ஓடி முடிந்தது. சத்தம் கொஞ்சம் கனமாக இருந்தது போல் பட்டது, கவனிக்கவில்லை. சித்தராஜு டீக்குப் போன பிறகு துடைக்கப் போனபோது லிவரைப் பார்த்தேன். தொள்ளாயிரம். ஏற்றவே இல்லை. தகட்டைப் பார்த்தேன். அவ்வளவு அழகாக அதுவரை எங்களுக்கு ஒரு தகடும் வந்ததில்லை.

அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நிரந்தரமானால் ஜூனில் உங்களைக் கூட்டிவந்து பள்ளியில் சேர்ப்பது என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். நான் பேசாமல் இருந்தால் அந்தத் தகடு மற்ற தகடுகளோடு அடுக்கில் போய்விடும். எக்ஸ்ரேக்கு அதுவே போகும் என்று நிச்சயம் இல்லை. சொன்னால் லிவர் பிடித்தவர் சித்தராஜு என்பதால் கேள்வி அவர் மேல் போகும். என் மேல் திருப்பிக்கொண்டால், ஷாப்பில் நின்று தமிழில் எண் சொன்னேன் என்று அந்த வாரத்தில், அந்த மூன்று பேர் எதிரில் ஒத்துக்கொள்ள வேண்டும். அடுக்கின் எதிரில் நின்றுகொண்டே இருந்தேன். அந்தத் தகட்டை நம்பி உட்காரப்போகிறவர் யாரென்று தெரியாதது நல்லதற்கா கெட்டதற்கா என்றுகூட யோசித்தேன். என் பிள்ளைகளிடம் பொய் எழுதக்கூடாது. பத்து நிமிடம் போல், பேசாமல் இருந்துவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன். பிறகு டீக்கடையிலிருந்து வந்த சித்தராஜு தகட்டைத் தடவிப் பார்த்து, "ஏளுமலை, கண்ணாடி மாதிரி வந்திருக்கு குரு! இதுல நம்ம பேரு எழுதணும்" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தகட்டோடு நேராக எங்கள் இன்ஜினியர் ரூபா மேடத்தின் அறைக்குப் போய், இதை வெட்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

மேடம் சின்ன வயது, என்னை எப்போதும் ஏழுமலையவரே என்றுதான் கூப்பிடுவார். தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சன்னாகிதல்லா? நன்றாகத்தானே இருக்கிறது? எதற்கு வெட்டச் சொல்கிறீர்கள்?" என்று கன்னடத்தில் கேட்டார். சுற்று குறைவு என்றேன். "செட் மாடித்து யாரு?" என்றார். யார் வைத்தது என்கிறார். அதற்குள் சித்தராஜுவும் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார். அவர் முகம் மாறிவிட்டது.

"மேடம், இவரு நூறுன்னு தானே சொன்னாரு!"

"நான் தொண்ணூறு சொன்னேன், சித்தராஜு. தமிழ்ல சொல்லிட்டேன். தப்பு என்னுது."

"அப்படீன்னா எஷ்டு?"

"உங்க கன்னடத்துல தொம்பத்து."

"தொம்பத்தா? தொம்பத்துல நூறு எல்லிந்த பந்துது?" நூறு எங்கிருந்து வந்தது என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். விளக்கச் சொன்னார் மேடம். எழுதிக் காட்டினேன். தமிழில் தொண்ணூறில் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது. காகிதத்தில் இரண்டு சொல்லையும் விரலால் தொட்டுப் பார்த்தார் சித்தராஜு.

"ஓஹோ! தொம்பத்து இருந்தா நூறுங்கறீங்க, ஒம்பைநூறு இருந்தா ஆயிரங்கறீங்க. இப்பத்தானே தெரியுது, நீங்க ஏன் தண்ணியும் ஜாஸ்தி கேக்கறீங்கன்னு!"

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும் அளவுக்கு. அந்த வாரத்தில் அந்தத் தண்ணீரைப் பற்றி என் எதிரில் ஒருவர் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு சித்தராஜு மேடத்திடம், "நானும் திரும்பக் கேட்டிருக்கணும். பாதி என்னோட தப்பு, எழுதிக்கோங்க" என்றார்.

மதியம் தகட்டைக் குறுக்கே வெட்டி, தேய்த்துப் பார்த்தோம். ஊசி நுழைகிற துளை, தையலின் அடியில், வெட்டிய ஒவ்வொரு இடத்திலும். மேடம் சித்தராஜுவின் பெயரை எழுதவில்லை. "பேச்சில் பிழை" என்று என் பெயரில் மட்டும் எழுதினார், நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன். இனி எண்ணை எல்லோரும் இங்கிலீஷில், ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும், கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. நைன் ஜீரோ அப்படித்தான் என் வாயில் ஏறியது. நிரந்தரப் பட்டியல் வந்தபோது என் பெயர் இல்லை. இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்கள். மேடம் வருத்தத்தோடுதான் சொன்னார். அதனால்தான் அந்த ஜூனில் அப்பா வரவில்லை கலை. நீ பையைத் தைத்து வைத்துக்கொண்டு காத்திருந்ததாக அம்மா எழுதியிருந்தாள். நான் செய்தது சரி என்று மற்றவர்களிடம் சொல்வேன். உன்னிடம் அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை.

மேடத்திடமும் சித்தராஜுவிடமும் நான் சொல்லாதது ஒன்று உண்டு. சொல் குழப்பம் என்றுதான் அவர்கள் இன்றைக்கும் நினைத்திருக்கிறார்கள். முழுச் சொல்லையும் நான் உரக்கச் சொல்லியிருந்தால் சித்தராஜு திரும்பக் கேட்டிருப்பார், புரியாத எண்ணை அவர் எப்போதும் திரும்பக் கேட்பவர்தான். பயத்தில் பாதியை விழுங்கியதால்தான் அந்தத் துளை விழுந்தது. என்னைப் பயமுறுத்தியவர் என்று ஒருவரையும் கைகாட்ட முடியாததால் அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். நான் மட்டும் திரும்பி வந்து, முனையைக் கழற்றிவிட்டு, மெஷினை வெறுமனே ஓடவிட்டேன். உயர்ந்த சுற்றில் அது போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதன் எதிரில் நின்று, தொண்ணூறு வரைக்கும் போய்விட வேண்டும் என்று ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். தமிழில், தொண்டை கிழிய, ஊரில் பொறி பறக்கும்போது ஆட்களைக் கூப்பிடுவோமே அந்தக் குரலில். ஒன்று, இரண்டு, மூன்று. இருபதைத் தாண்டியபோது மூச்சு சீராகிவிட்டது. எதையும் யோசிக்காமல் எண்ணிக்கொண்டே போனேன். ஐவத்தாறு என்று சொல்லி நின்றேன். அது ஐம்பத்தாறு இல்லை. கன்னடம். எந்த எண்ணில் மாறினேன் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. மறுபடி ஆரம்பிக்கலாமா என்று நினைத்தேன். ஸ்விட்சை அணைத்துவிட்டு, சுற்று முழுதாக நிற்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.