இடப்பக்கம் இருந்தவன்

குருசாமி அண்ணாச்சி இறந்துபோனார் என்ற செய்தி வந்தபோது நான் திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓட்டும் செல்வம்தான் போன் செய்தான். "அண்ணே, நம்ம புரூப் ரீடர் அண்ணாச்சி விடியக்காலம் தவறிட்டாக. நாரணாபுரம் வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாக. வாரீகளா?" என்றான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்து முடித்தேன். அழுகை வரவில்லை. போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவோம், இல்லாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதருக்கு நான் செலுத்திய முதல் அஞ்சலி அவ்வளவுதான். அவரைத் தெரிந்து இதை வாசிக்கிற உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

காலண்டரோ, பட்டாசு லேபிளோ, கல்யாணப் பத்திரிகையோ, எங்கள் அச்சகத்திலிருந்து அவர் பார்வைக்குத் தப்பி எதுவும் வெளியே போனதில்லை. அச்சுப்பிழை பார்ப்பதற்கென்று எங்கள் இருவருக்கும் ஒரு நீள மேஜை. வலது ஓரம் சன்னலை ஒட்டி அவர், அவருக்கு இடப்பக்கம் நான். நான் வேகமாகப் பார்ப்பேன், எனக்குப் பொறுமை கிடையாது. அவர் ஒரு தாளை எடுத்தால் கீழே வைக்க யுகமாகும். "வாசிக்காதீக தம்பி, பாருங்க" என்பார். "வாசிச்சா மூளை தானாத் திருத்திக்கிட்டுப் போயிரும். இல்லாத எழுத்தையும் இருக்குன்னு காட்டிரும், அது பெரிய கள்ளன்." இன்னொன்றும் சொல்வார். "பேப்பர்க்காரன் விட்ட தப்பு மறுநாள் வடை மடிக்கப் போயிரும். நாம விட்ட தப்பு வருசம் பூரா சுவத்துல தொங்கும்." இதை அவர் சொல்லாத நாள் இல்லை. நானும் சலித்துக்கொள்ளாத நாள் இல்லை.

வெம்பக்கோட்டையிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று இருந்தது. அண்ணாச்சிக்கு என்னவோ சந்தேகம். போனைப் போட்டுக் கேட்டால் முடிந்தது. ஆனால் இதைப் போனில் எப்படிக் கேட்பது என்று தயங்கியவர், மொட்டை வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சந்தேகப்பட்டது சரிதான். அந்தத் தாத்தா வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாராம். "எந்தச் சோலியா வந்தீக?" என்று அவர் கேட்க, "உசுரோட இருக்கீகளான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாராம் இவர். திரும்பி வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கிற அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரியும்.

போன ஆடி மாதம், காலண்டர் சீசன் தொடங்கிய சமயம், ஒருநாள் காலையில் வேலையில் இருக்கும்போதே அவருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் குடித்தார். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, பேச்சும் குழறவில்லை. வெயில்தான் காரணம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து, ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். ரெண்டு நாள் கழித்து வந்துவிட்டார். வந்தவர் பழைய ஆளாக இல்லை.

நான் "வாங்க அண்ணாச்சி" என்றால் பதில் வராது. சன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார், பிறகு குனிந்துகொள்வார். டீ வந்தால் அவர் கிளாஸை வாங்கி அவருக்கும் எனக்கும் நடுவில் வைப்பது நான்தான். அது ஆறி ஆடை படிந்து அப்படியே கிடக்கும். வலது கன்னத்தைப் பளபளவென்று மழித்திருப்பார், இடது கன்னத்தில் நரைமுடி குத்திக்கொண்டு நிற்கும். அச்சகத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். நீளமான மேட்டர் எதையாவது கொடுத்தால், "என்னத்தத் தமிழ் எழுதுறானுவ, ஒண்ணுக்கொண்ணு சேரவே மாட்டேங்கு" என்று எழுதியவனைத் திட்டி என் பக்கம் தள்ளிவிடுவார். அப்போதுதான் அவர் மகனுக்கு வெளிநாட்டில் நல்ல வேலை கிடைத்திருந்தது. ‘ஆளு பெரிய மனுசன் ஆயிட்டாரு’ என்று பேச்சு கிளம்பியது. உங்களில் சிலரும் அதைச் சொன்னீர்கள். முதலில் சொன்னது நான்.

ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். அண்ணாச்சியை முதல் பந்தியிலேயே உட்காரவைத்தேன். என்ன கோபம் இருந்தாலும் அவர் இல்லாமல் எனக்கு விசேஷம் கிடையாது. பந்தி விசாரித்துக்கொண்டு வந்தவன் அவருக்கு இடப்பக்கம் நின்று, "அண்ணாச்சி, சாப்பாடு எப்படி?" என்று கேட்டேன். அவர் சட்டென்று வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் இருந்தவரிடம் "கூப்பிட்டீகளா?" என்றார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு இலையைப் பார்த்தேன். வலது பாதியைத் துடைத்தாற்போல் சாப்பிட்டிருந்தார். இடது பாதியில் உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல், ஜாங்கிரி எல்லாம் வைத்தது வைத்தபடி கிடந்தன. அப்படியே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். என் சம்பந்தி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஆபீஸ்காரரு நம்ம வீட்டு இனிப்பக் கையால தொடலையே, ஏதும் மனத்தாங்கலா?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இத்தனை பேர் முன்னால் முகத்தில் அடித்துவிட்டாரே என்று அன்று ராத்திரி என் மனைவியிடம் கத்தினேன். அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினேன்.

இனி சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். புரட்டாசியில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குத் தினசரி காலண்டர் ஆர்டர். தேதித்தாளில் நடுவில் தேதி இருக்கும், இடப்பக்கம் ராகு காலம், வலப்பக்கம் எமகண்டம். செவ்வாய்க்கிழமைத் தாளில் திங்கட்கிழமையின் ராகு காலம் ஏறியிருந்தது. அண்ணாச்சி பார்த்துக் கையெழுத்துப் போட்டு, அது அப்படியே மெஷினுக்குப் போய், பாதி ஓடின பிறகு கடைக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. ராகு காலம் பார்க்காமல் சட்டை கூடப் போடாத மனிதர் அவர், வந்து ஆடித் தீர்த்துவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட தாள்களை எல்லாம் தேடி எடுத்து, அவர் விட்ட பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் பரப்பினேன். "வேலையில புத்தி இல்ல சார், அம்புட்டும் திமிரு" என்றேன். சுழித்திருந்த பிழைகள் எல்லாமே தாளின் இடப்பக்கம் இருந்தன. வலப்பக்கத்தில் ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. பிழை பார்ப்பதே பிழைப்பாக உள்ளவன் நான். பிழையைப் பார்த்தேன், அவை ஒரே பக்கமாக வரிசை கட்டி நின்றதைப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்து ஓய்வெடுங்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள். போகும்போது சன்னல் பக்கமாகவே திரும்பி, "தம்பிகிட்டச் சொல்லிருங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். நான் கையெட்டும் தூரத்தில் தாளைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

அவரை எடுத்த அன்று தெருமுனையில் பைக் மேல் சாய்ந்து நின்றுவிட்டு வந்தேன், வீட்டுக்குள் போகவில்லை. காரியத்தன்று என் மனைவி பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். அண்ணாச்சியின் மனைவி முத்துமாரி மதினி என்னைப் பார்த்ததும் அழவில்லை. "வாங்க தம்பி, இப்பவாவது வந்தீகளே" என்று பாயை விரித்தார். அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"மொதல்ல சோறு செல்லலைன்னுதான் நெனச்சேன் தம்பி. தட்டுல ஒரு பக்கம் அப்படியே கிடக்கும். ஒருநா ஈயை விரட்டத் தட்டை எடுத்துத் திருப்பி வச்சேன். ‘இதை எப்ப வச்ச?’ன்னு கேட்டுட்டு மிச்சத்தையும் சாப்பிட்டாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஐப்பசியில ரோட்டைக் கடக்கும்போது இடப்பக்கம் வந்த வண்டியப் பாக்காமப் போயி விழுந்துட்டாக. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணுல ஒரு குறையும் இல்லன்னுட்டாக. அங்கன இருந்த டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னாரு. வட்டத்தப் போட்டுப் பன்னெண்டு நம்பரையும் வலது பக்கத்துலயே திணிச்சு வச்சிட்டு, ‘முடிச்சிட்டேன் சார்’னு நிமிந்து உக்காந்தாக. அன்னைக்குக் கம்பெனியில வந்த தலைசுத்தல், அதுதான் மூளையில அடைப்பாம்."

பிறகு நானே ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நமக்கு இடப்பக்கம் நடப்பதைக் கவனிப்பது மூளையின் வலது பாதியின் வேலை. கண் பார்க்கும், நரம்பு கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் கவனிக்க வேண்டிய இடத்துக்கு ரத்தம் போகாமல் கெட்டுவிட்டால், இடப்பக்கம் இருளாகத் தெரியாது, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நம் பிடரிக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லையே என்று நாம் தவிக்கிறோமா? அவரும் தவிக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் சத்தம் கேட்கும், ஆள் வலப்பக்கம் இருப்பதாகத் தோன்றும், அங்கே தேடுவார்களாம். கை கால் விளங்காமல் போயிருந்தால் நாம் எல்லோரும் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருப்போம். கவனம் விளங்காமல் போனதைத் திமிர் என்று சொல்லிவிட்டோம். மனிதனின் குணம் என்று நாம் தீர்ப்பு எழுதுவதில் எவ்வளவு குணம், எவ்வளவு ரத்தக்குழாய் என்று இனி எனக்குச் சொல்லத் தெரியாது. தீர்ப்பு எழுதுகிற கை கூசுகிறது.

மதினி சொன்னதில் மிச்சம் இருக்கிறது. "தினம் வீட்டுக்கு வந்ததும் உங்களைப் பத்தித்தான் பேச்சு. ‘தம்பி சத்தம் கேக்கு முத்து, திரும்பிப் பாக்கேன், ஆளு இருக்க மாட்டேங்காரு. எம்மேல என்ன கோவமோ, மூஞ்சியக் காட்டாமப் போறாரு’ம்பாக. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தும் அதையேதான் சொன்னாக. ‘தம்பி வீட்டுக் கல்யாணத்துல தம்பியவே பாக்க முடியல’ன்னு. மதுரையில டாக்டர் வெளக்கிச் சொன்ன பெறகு பஸ்ஸுல வரும்போது திடீர்னு என் கையப் புடிச்சிட்டாக. ‘ஏ முத்து, தம்பி எனக்கு இடது பக்கம்லா உக்காருவாரு! அம்புட்டு நாளும் அங்கனதான் இருந்திருக்காரு. ஐயோ, என்னைய என்ன நெனச்சிருப்பாரு? போனைப் போடு, தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்’னாக. பஸ்ஸுல இருந்தே போட்டேன். வீட்டுக்கு வந்தும் போட்டேன். நீங்க எடுக்கல தம்பி."

எடுக்கவில்லைதான். போனில் அவர் பெயர் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. வேலைக்குத் திரும்பி வர என்னிடம் சிபாரிசுக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டு, அடித்து ஓயட்டும் என்று விட்டேன். மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. சே, எழுதவே கூசுகிறது. ரெண்டாவது முறை அடைப்பு வந்து அவர் போய்ச் சேரும்வரை நான் திருப்பிக் கூப்பிடவில்லை.

அவருக்கு இடப்பக்கம் திரும்பிப் பார்க்க முடியாமல் போனதற்கு டாக்டர் காரணம் சொல்லிவிட்டார். என் மூளையைப் படம் பிடித்தால் எந்தக் குறையும் தெரியாது, எல்லாக் குழாயிலும் ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் என்னிடம் கேட்க நினைத்த அந்த மன்னிப்பு ஒன்றைத்தான். ஒரு குற்றமும் செய்யாதவர் கேட்க நினைத்தது அது, அதை யாரிடமும் திருப்பிக் கொடுக்க எனக்கு வழியில்லை.

அங்கனதான் இருந்தேன் அண்ணாச்சி. எந்திரிச்சு ஒருதடவை உங்க சன்னல் பக்கமா வந்து நின்னுருந்தா என்னையப் பாத்துருப்பீக. வரத் தோணல.