சாம்பல்தீவில் ஓர் அப்காசியக்காரி

காலை ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். வவுனியா வழியாகத் திருகோணமலைக்கு இருநூற்று முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அந்த யன்னல் மூடாது என்பது மழை பிடித்த பிறகுதான் தெரிந்தது.

சிநேகிதன் ஜெயனின் பெண்குழந்தைக்கு முப்பத்தொன்று, பிறந்த துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாள். குழந்தையைப் பார்ப்பது ஒரு காரணம். தாயைக் கதைக்க வைப்பது இன்னொன்று, அதை ஏன் ஒளிக்க வேண்டும். கப்பலில் என்ஜினியராக இருக்கும் ஜெயன், சுகூமித் துறைமுகத்தில் சந்தித்துக் கட்டிக்கொண்டு வந்தவர் அசிதா. சுகூமி அப்காசியாவின் தலைநகர். கருங்கடல் கரையில், ஜோர்ஜியாவோடு சண்டை பிடித்துப் பிரிந்த நிலம் அது. ரஷ்யாவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளும் அதைத் தனிநாடு என்கின்றன. இலங்கை உட்பட மற்ற எல்லாருக்கும் அது ஜோர்ஜியாவின் ஒரு மூலை. அங்கே ரஷ்யா ஒரு தூதரகம் வைத்திருக்கிறது. செய்தியில் வாசித்த அந்தத் தூதரகத்தைப் பற்றி, அதன் வாசலில் வரிசையில் நின்ற ஒருவரிடம் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

மதியம் திருகோணமலையில் இறங்கி, சாம்பல்தீவுக்கு ஆட்டோ பிடித்தேன். எண்ணூறு ரூபாய்.

"ரஷ்யக்கார அக்கா வீட்டையோ?" என்றார் சாரதி.

"ஓம்."

"அவவுக்கு முன்னால ரஷ்யா எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கு ஒருக்கா நல்ல ஏச்சு விழுந்தது."

சடங்கு முடிந்து பாயசமும் குடித்த பிறகு, குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்தத் தூதரகத்தைப் பற்றிக் கேட்டேன். அசிதா சாம்பல்தீவுத் தமிழை ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துக் கதைப்பார்.

"அண்ணை, அது தூதரகம் இல்லை. கச்சேரி, அரசாங்க அதிபர் இருந்து ஆளுற இடம் மாதிரி. எங்கட சனத்துக்குப் பென்சன் அவையின்ர காசு, பாஸ்போட் அவையின்ர பாஸ்போட். அவையின்ர எலெக்சனுக்கு எங்கட ஊரில வோட்டுப்போட இடம் வைப்பினம். எங்கட பாஸ்போட்டைக் கொண்டு எந்த நாட்டுக்குப் போகேலும்? அதால எல்லாரும் ரஷ்யப் பாஸ்போட் எடுத்தம். நானும் எடுத்தனான். அது இல்லாட்டி கட்டுநாயக்கா எயார்போட்டில இறங்கியிருக்க ஏலாது."

"உதவிதானே செய்தவை?"

"ஓம், உதவி. ஆனா உதவிக்கு வந்த அயலவர் உங்கட குசினியில நிண்டு, இண்டைக்கு இதுதான் கறி எண்டு சொன்னால்?"

சண்டைக்குப் பிறகு ஓடிப்போன பக்கத்து வீட்டு ஜோர்ஜியர்கள் திரும்பி வரவில்லை என்பதையும் அவரே சொன்னார். அந்த வீட்டு அத்திமரம் இப்போதும் காய்க்கிறதாம். எங்கள் ஊரிலும் அப்படி மரங்கள் உண்டு.

மறுநாள் காலை குழந்தையின் பிறப்பைப் பதியப் போனார்கள், நானும் தொற்றிக்கொண்டேன். திருகோணமலை நகரில், ஓர்ஸ் ஹில் பக்கம் ஓர் அலுவலகம். பதிவாளர் ரிஸ்வானா மூதூரிலிருந்து வந்து போகிறவர். எங்கள் நாட்டுப் பிறப்புப் பதிவில் தாய்க்கும் தகப்பனுக்கும் இனம் எழுத ஒரு நிரல் உண்டு. தகப்பன், இலங்கைத் தமிழர். தாயின் பாஸ்போட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு 'ரஷ்யர்' என்று எழுதினார்.

"அது பிழை," என்றார் அசிதா. "நான் அப்காசியர்."

"பாஸ்போட் அப்பிடித்தானே சொல்லுது, தங்கச்சி?"

"பாஸ்போட் நாட்டைச் சொல்லுது. நீங்கள் இனம் கேட்கிறியள்."

ஜெயனுக்கு வியர்த்தது. வருகிற திங்கள் அவன் கப்பல் ஏற வேண்டும். இது இழுபட்டால், அவன் திரும்பி வரும்வரை ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். "விடும் அசிதா. ஒரு சொல்லுத்தானே."

"அங்கயும் ஒரு சொல்லுத்தானே எண்டு சொல்லித்தான் எல்லாத்தையும் குடுத்தனாங்கள். இவளின்ர தாய் ரஷ்யர் எண்டால், நான் ஆர்?"

ரிஸ்வானா பேனையை வைத்தார். "நான் எதைப் பாத்து எழுதுற? இப்பிடி ஒரு இனத்த நான் கேள்விப்பட்டதே இல்லயே. ஒங்களுக்குப் பாஷ வேறயா?"

"ஓம்."

"கதைங்க பாப்பம்."

அசிதா குழந்தையின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். தொண்டையின் அடியிலிருந்து வரும் கரகரத்த சொற்கள். குழந்தை விழித்துப் பார்த்தது.

"இது ரஷ்யன் இல்லதான்," என்றார் பதிவாளர். ரஷ்யன் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை, காரியம் கெடும்.

"இங்கிலீசுல முஸ்லிம் ஆக்களான எங்களுக்கு மூர் எண்டு எழுதுற. அது கப்பல்ல வந்த போர்த்துக்கீசன் வச்ச பேரு. எங்கள ஆரும் கேக்கல்ல. நீங்களாவது ஒங்கட வாயால சொல்றீங்க." ரஷ்யரை வெட்டி, பக்கத்தில் கையொப்பம் வைத்து, 'அப்காசியர்' என்று எழுதினார்.

அந்த நிரலை ஆயுள் முழுக்க வெறுத்தவன் நான். எங்களைப் பிரித்து நிறுத்த உதவிய கேள்வி அது. அன்றைக்கு அதே நிரல், ஒரு தூதரகம் செய்யாததைச் செய்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும் வழியில் உள்துறைமுகம் தெரியும் இடத்தில் தேத்தண்ணிக்கு நின்றோம். தண்ணீரில் சாம்பல்நிறப் போர்க்கப்பல் ஒன்று. எந்த நாட்டுக் கொடி என்று ஜெயனிடம் கேட்டேன்.

"இந்தக் கிழமை இது. வாற கிழமை இன்னொண்டு. எல்லாருக்கும் இந்தத் துறைமுகத்தில ஒரு கண்."

"வரட்டும்," என்றார் அசிதா. "தேத்தண்ணி குடிக்கட்டும். போகட்டும்."

பாஸ்போட் காலாவதியாகும்போது கொழும்பிலுள்ள ரஷ்யத் தூதரகத்துக்குத்தானே போக வேண்டும் என்று சீண்டினேன்.

"போவன். பாஸ்போட் அவையின்ர. இவளின்ர தாய் ஆர் எண்டது அவையின்ர அலுவல் இல்லை."

பிற்பகல் பஸ் ஏறி, இருட்டிய பிறகு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன். அலுமாரியிலிருந்து என் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். இலங்கைத் தமிழர். என்னைக் கேட்டு யாரும் அதை எழுதவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.