சண்முகவடிவு சொன்ன மழை

என் மனைவி சண்முகவடிவு மழை என்றால் மழைதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், கல்யாணப் பந்தல் போடுவதென்றாலும் அவளைக் கேட்காமல் போடமாட்டார்கள். அட்டை முழங்காலுக்கு மேல் ஏறினால், மூடுபனி மலையிலிருந்து கீழே இறங்கினால், எதிர்மலையில் ரயில் ஏறும் சத்தம் பக்கத்தில் கேட்டால், மழை. இருபது வருடமாய் ஒருநாளும் தப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, பொய் சொல்வானேன்.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு அவள்தான் கேப்டன். அத்தனை பேரும் கொழுந்து பறிக்கிறவர்கள். போன ஞாயிறு இறுதி ஆட்டம். எதிரணி நோர்வூட் பக்கத்துத் தோட்டம். போன வருடக் கோப்பை அவர்களிடம். மழையால் ஆட்டம் நின்றால் கோப்பை அவர்களிடமே இருக்கும் என்பது விதி. நாங்கள் ஜெயிக்க எட்டு ஓவரில் அறுபத்திரண்டு எடுக்க வேண்டும். நம்மவர்களோ பயந்து பயந்து தட்டி, நாலு ஓவரில் பத்தொன்பது!

நாலாவது ஓவர் முடிந்ததும் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டு போனேன். வடிவு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ரயில் சத்தம் கிட்டத்துல கேக்குதுடி! அரை மணியில மழ ஊத்தும். அதுக்குள்ள முடிச்சிரணும்!"

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. ஆனாலும் சொன்னது வடிவு அல்லவா? ஆடிக்கொண்டிருந்த நாகலெட்சுமி பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடிவைத் தனியே இழுத்தேன்.

"ஏய், இன்னைக்கு ரயிலே ஓடலையே!"

"தெரியும். காலையில நீங்கதானே ஸ்டேசன்ல கேட்டுட்டு வந்து சொன்னீங்க? வாய மூடிக்கிட்டு நில்லுங்க. மழன்னா இவளுக காலு தானா ஓடும்."

ஓடியதே! கொழுந்து நனையுமுன், அதை நிறுக்கும் மடுவத்துக்கு ஓடிப் பழகிய கால்கள். ஒன்று எடுக்கிற இடத்தில் இரண்டு எடுத்தார்கள். நாகலெட்சுமி அடித்த அடியில் பந்து தேயிலைக்குள் போய் விழுந்தது. ஏழாவது ஓவர் கடைசிப் பந்தில் ஜெயித்துவிட்டோம். நான் கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது.

கோப்பையைத் தூக்கி ஆடும்போதும் வெயில் சுட்டது.

"என்னக்கா, மழையக் காணோம்?" என்றாள் நாகலெட்சுமி. "இனிமே போன்லயே பாத்துக்குறோம்!" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வடிவு என் காலை ஓங்கி மிதித்தாள்.

"தப்பிப் போச்சுடி," என்றாள். "நீங்கதான் ஜெயிச்சீங்க."