பாறசாலைக் கொயரும் கயோவின் பாட்டும்

தொண்ணூற்றாறு ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்குத் திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து எங்கள் வேன் கிளம்பியது. உள்ளே ஜப்பானிலிருந்து வந்த படப்பிடிப்புக் குழு. நான் சென்னையில் ஜப்பான் மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள், அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர். போகிற இடம் என் அம்மா பிறந்த பாறசாலை, முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும் என்கிற திமிரோடு உட்கார்ந்திருந்தேன்.

என் பக்கத்தில் கயோ. ஜப்பான் தொலைக்காட்சியில் அவளைத் தெரியாத வீடு கிடையாதாம். வினாடி வினாவில் தப்புத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டு, தானே விழுந்து விழுந்து சிரிப்பவள். இப்போது பாட்டுக்காரியாகப் போகிறாள். காலையில் வெயில், மத்தியானம் சோறு, சிரிக்க வேறென்ன வேண்டும் என்று கேட்கும் துள்ளல் பாட்டு. அதற்குப் படம் பிடிக்கத்தான் இந்தப் பயணம்.

நெய்யாற்றின்கரையில் டீ குடித்தோம். கிளாஸ் இரண்டு ரூபாய். அங்கேதான் கயோ மெதுவாகச் சொன்னாள்: "டேப்பில் இருப்பது என் குரல் இல்லை. வேறொரு பெண் பாடியது. நான் வாயசைத்தால் போதுமாம்." தானே பாடுவதாக எவ்வளவோ கெஞ்சியிருக்கிறாள். உன்னைப் பார்க்கத்தான் ஆள் உண்டு, கேட்க இல்லை என்று டைரக்டர் சொல்லிவிட்டாராம். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிரைவர் சசி எட்டிப் பார்த்தார். "என்ன சேச்சி, சாயா பிடிக்கலியோ அவங்களுக்கு?"

"சாயா நல்லாத்தான் இருக்கு அண்ணே. வேற சங்கதி."

அமரவிளைப் பாலம் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் மிஷன் கோயிலுக்கு ஒன்பது மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். ஞாயிறு ஆராதனையில் பாடும் கொயர் தயாராக நின்றது. தையல்காரர், நர்ஸ், பேங்க் கிளார்க் என்று எல்லோரும் லீவு போட்டு வந்திருந்தார்கள். கொயரை நடத்துகிறவள் ஸ்டெல்லா அக்கா, என் பெரியம்மா மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

கயோவுக்குப் பின்னால் நின்று எல்லோரும் டேப்புக்கு வாயசைக்க வேண்டும் என்றார் டைரக்டர். நான் அதைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது.

"பாடாம வாயெ மட்டும் தொறக்கவா? அதுக்கு நாங்க ஆளில்லெ மக்கா. பாடச் சொன்னா பாடுதோம். இல்லேன்னா வீட்டுல சோலி உண்டு."

"ஜப்பான் பாஷை அக்கா!"

"அதுக்கென்ன? நாங்க லத்தீனே பாடுனவங்களாக்கும். அந்த டேப்பெ இன்னொருக்கா போடு."

மெட்டைக் கேட்டுக் கேட்டு, ஸ்வரங்களை எழுத்துகளாகக் குறிக்கும் பழைய மிஷன் முறையில் கரும்பலகையில் எழுதினாள். ஆண் குரல் இரண்டு, பெண் குரல் இரண்டு என்று பிரித்தாள். வார்த்தைகளை நான் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பத்தரைக்கெல்லாம் ஜப்பான் பாட்டு நாலு குரலில் முழங்கியது. கேமராக்காரர் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆட்களய்யா இவர்கள்!

கயோ நேரே டைரக்டரிடம் போனாள். "அவர்கள் வாயசைக்க மாட்டார்களாம். நானும் மாட்டேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "பாடித் தொலை. சரியில்லை என்றால் டேப்தான்" என்றார் அவர்.

பொய் சொல்வானேன், கயோவின் குரல் கொஞ்சம் தகரம்தான். முதல் வரியிலேயே தடுமாறினாள். ஆனால் கொயர் கீழே தாங்கிப் பிடித்தது. அவளும் நிமிர்ந்து பாடினாள். கடைசி ஸ்வரத்தை இழுத்துப் பிடித்தாள் பாருங்கள், அது அடங்குவதற்குள் பின்னாலிருந்து நாலு குரலும் சேர்ந்து "ஆ...மென்" என்றன.

எந்தப் பாட்டானாலும் ஆமென் போட்டு முடித்தே பழகிய வாய்கள். டைரக்டர் வேண்டாம் என்று கும்பிட்டார். இரண்டாம் தடவையும் ஆமென். மூன்றாம் தடவை பெண்கள் அடக்கிக்கொண்டார்கள், ஆண்கள் விட்டுவிட்டார்கள்.

ஸ்டெல்லா அக்கா திரும்பினாள். "எலே, ஆமென் வேண்டாமுன்னு சொன்னேம்லா!"

"நாங்க எங்க டீச்சரே பாடுதோம்?" என்றார் தையல்காரர். "அது தன்னால வருதாக்கும்."

கயோ மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த தடவை பயமெல்லாம் போய்விட்டது. தொண்டை திறந்து பாடி, ஆமெனையும் அவளே சேர்ந்து பாடினாள்.

டைரக்டர் ஹெட்போனைக் கழற்றினார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஆமெனை வெட்டினால் அவளுடைய கடைசி ஸ்வரமும் போய்விடும். அந்த இடத்தை அவள் சரியாகப் பிடித்தது இன்றைக்குத்தான். அப்படியே இருக்கட்டும்."

"அவள் குரலிலேயேவா?"

"அவள் குரலிலேயே."

நாலு மணிக்குக் கிளம்பினோம். அக்கா கட்டிக்கொடுத்த மரவள்ளிக்கிழங்கை வழியெல்லாம் கயோ தின்றுகொண்டே வந்தாள். சென்னையில் குளிரூட்டிய ரெக்கார்டிங் கூடங்களில் நான் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரும் யாருடைய குரலையும் இப்படித் தாங்கி நான் பார்த்ததில்லை. அமரவிளைப் பாலத்தில் திரும்பிப் பார்த்தபோது, இது என் ஊர் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

மே மாதம் டோக்கியோவிலிருந்து கயோ போன் செய்தாள். மேடையில் அவள் பாடி முடித்ததும் கூட்டம் மொத்தமும் ஆமென் பாடுகிறதாம். அர்த்தம் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாதாம்.

அன்றைக்கே ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"நாலு குரல்லயும் பாடுதாங்களா, இல்ல ஒரே குரலா? கேட்டுச் சொல்லு மக்கா. வேணுமுன்னா நான் எழுதி அனுப்புதேன்."