செல்ஃப் அடிக்குது, புடிக்கல

கருமாதி முடிஞ்ச அன்னைக்கு மத்தியானம், பந்தலப் பிரிச்சு ஓரமா சாத்திட்டுப் போனதும், நான் நேரா போயி எங்க பிக்கப்புல ஏறி உக்காந்தேன். சொந்தக்காரங்க எல்லாரும் இன்னும் கெளம்பல. "தாலி எறங்குன கையோட ஸ்டியரிங் புடிக்கிறா பாரு"ன்னு ஒருத்தி சொன்னது காதுல விழுந்துச்சு. சொல்லிக்கட்டும். அவளா நாளைக்கு வந்து எங்க வூட்டுல ஒல வெக்கப்போறா?

ஆணியில தொங்குன சாவியப் போட்டுத் திருப்புனேன். செல்ஃப் நல்லாத்தான் அடிச்சுது. வண்டி புடிக்கல. கொஞ்சம் உட்டு மறுபடி திருப்புனேன். அதே கதைதான். கர் கர்ருன்னு சுத்துது, ஒரு இருமல் கூட வரல.

மறுநாள் விடியக்காலையில அந்த வண்டி லைனுக்குப் போயாவணும். எங்க வூட்டுக்காரரு பால் லைன் ஓட்டுனாரு. அரியலூர்ப் பக்கத்து ஊருங்கள்ல கேன் கேனா பால ஏத்தி, பெரம்பலூர்ல குளிரூட்டுற எடத்துல கொண்டுபோயி எறக்கணும். நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு சேர்ல உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. துக்கத்துக்கு வந்த சொசைட்டிக்காரரு போவும்போது என்கிட்ட சொன்னாரு: "கருமாதி வரைக்கும் வேற வண்டி உட்டு ஓட்டிக்கிறேம்மா. மறுநாளு உங்க வண்டி வந்துடணும். வரலன்னா லைன் அவங்களுக்குத்தான். நான் ஒண்ணும் பண்ண முடியாது." அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. கறந்த பால் யாருக்காகக் காத்துக் கெடக்கும்?

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஏரி காஞ்சு கெடந்தப்ப அதுல வெச்சு அவருதான் சொல்லிக் குடுத்தாரு. கியர் மாத்துறப்ப அவரு கத்துவாரு, நான் அதுக்கு மேல கத்துவேன். லைசன்சும் எடுத்துட்டேன். அந்த லைன் இருந்தா நானும் எம் பொண்ணும் மாமியாரும் யாரு கையையும் எதிர்பாக்காம சாப்புடலாம். இல்லன்னா கொழுந்தன் வூட்டு வாசல்ல போயி நிக்கணும். இவ்வளவுதான் விஷயம்.

கொழுந்தன் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கிற டிப்பர் ஓட்டுறவரு. பானெட்டத் தொறந்து பாத்தாரு. "டீசல் எறங்கிப் போயி ஏர் லாக் ஆயிருக்கும் அண்ணி"ன்னு சொல்லிட்டு, கேன்ல டீசல் வாங்கியாந்து ஊத்தி, கைப்பம்ப அமுக்கு அமுக்குன்னு அமுக்குனாரு. ஃபில்டர்ல நட்டு லூஸ் பண்ணிக் காத்து எடுத்தாரு. "இப்ப அடிங்க"ன்னாரு. அடிச்சேன். புடிக்கல. நின்னு கெடந்த வண்டியில எலி ஒயரக் கடிச்சிருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, தள்ளி உட்டா புடிச்சுக்கும்னு இன்னொருத்தர் சொன்னாரு. சாவு வூட்டுல கெடந்த வண்டி, எலுமிச்சம்பழம் சுத்திப் போடுன்னு ஒரு பெரியம்மா. எலுமிச்சம்பழத்துல ஓடுதுன்னா நாங்க ஏன் டீசல் போடுறோம்? கேட்டே புட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு பஸ்சுக்குப் போயிடுச்சு.

எலிக்கடியும் இல்ல. தள்ளியும் பாத்தாச்சு. கடைசியில கீழப்பழுவூர்லேர்ந்து மெக்கானிக்க வரச் சொன்னோம். எங்க வூட்டுக்காரருக்குச் சேக்காளி அவரு. வந்ததும் கொஞ்ச நேரம் வண்டியத் தொட்டுக்கிட்டே சும்மா நின்னாரு. அப்புறம் ஃப்யூஸ ஒண்ணொண்ணா உருவிப் பாத்தாரு, ரிலேய மாத்திப் போட்டாரு, பேட்டரிய பாத்துட்டு "இது மாப்ள மாதிரி இருக்கு"ன்னாரு. சிரிக்க வெக்கத்தான் சொல்லியிருப்பாரு. யாரும் சிரிக்கல.

அப்புறம் சீட்டுல ஏறி உக்காந்து அவரே சாவியத் திருப்புனாரு. முன்னாடி மீட்டர்ல பூட்டு படம் போட்ட செவப்பு லைட்டு ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு மினுக்குச்சு. நானும் அத மத்தியானத்துலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், கதவு சரியா சாத்தலன்னு நெனச்சேன். அவரு சாவிய உருவி உள்ளங்கையில வெச்சுப் பாத்தாரு.

"இந்தச் சாவியிலயா தங்கச்சி அவன் ஓட்டுனான்?"

"இல்லண்ணே. இது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வெட்டுனது. ஒரு தடவ சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டாரு, அதுக்கப்புறம் கதவு தொறக்கன்னு வெட்டி வெச்சாரு. ஓட்டுறது ஒரிஜினல் சாவியில."

"அப்ப வண்டியில ஒரு கோளாறும் இல்ல. ஒரிஜினல் சாவி மண்டைக்குள்ள ஒரு சிப்பு இருக்கும். வண்டி அதத்தான் அடையாளம் பாக்கும். இதுல அது கெடையாது. பூட்டு தொறக்கும், செல்ஃப் அடிக்கும், இஞ்சினுக்கு டீசல் உடாது. அந்தச் சாவிய எடுத்துட்டு வா, ஒரே அடியில புடிக்கும்."

எனக்கு உசுரு வந்துச்சு. அம்புட்டுத்தானா! வூட்டுக்குள்ள ஓடுனேன். செகண்ட் ஹாண்டுல வாங்குன வண்டி, ஒரே ஒரு சாவிதான் கூட வந்துச்சு. அவரு சட்டப் பை, பேண்ட்டுப் பை, பீரோ, சாமி மாடம், டிவி மேல, அரிசி டப்பாவுக்குப் பின்னால, ஒரு எடம் உடல. மெத்தயத் தூக்கிப் போட்டேன். எம் பொண்ணு கட்டிலுக்கு அடியில பூந்து தேடுச்சு. கொழுந்தன் சீட்டக் கழட்டியே பாத்துட்டாரு. எங்க அத்தை, அவரப் பெத்தவங்க, மட்டும் செவுத்துல சாஞ்சு உக்காந்து எங்களயே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் வெளிய வந்து, "காணலண்ணே, கம்பெனியில புதுசா வாங்க முடியாதா?"ன்னு கேட்டேன்.

"முடியும். திருச்சிக்குப் போவணும். ஆர்.சி. கேப்பான், அப்புறம் ஓனரு நேர்ல..." அதோட நிறுத்திட்டாரு. ஓனரு நேர்ல வரணுமாம். எறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேரு மாத்தல்னு தாலுக்கா ஆபீசுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அலைஞ்சு முடிக்கிறதுக்குள்ள லைன் எங்க இருக்கும்?

அப்பதான் அத்தை வாயத் தொறந்தாங்க.

"அத எடுக்குறப்ப அவன் கையில வெச்சு உட்டுட்டேன்."

எனக்கு மொதல்ல வெளங்கல. "என்னது அத்தை?"

"குளிப்பாட்டி கோடி போட்டாங்கல்ல. அப்ப வெச்சேன். வெறுங்கையோட போறானேன்னு இருந்துச்சு. வண்டின்னா அவனுக்கு உசுரு. அதான் இன்னொரு சாவி கெடக்கேன்னு..."

எங்கள்ல பொதைக்கிறதுதான் வழக்கம். அப்ப சாவி சாம்பலாவுல. ஏரிக்கரைக்கு அந்தாண்ட, மண்ணுக்குள்ள, முழுசா இருக்கு. மெக்கானிக் டூல்ஸ எடுத்து வெச்சுட்டு, "நான் வரேன் தங்கச்சி"ன்னு தலயக் குனிஞ்சுக்கிட்டே போயிட்டாரு. கொழுந்தன் என்கிட்ட வந்து மெதுவா சொன்னாரு: "அண்ணி, மண்ணு இன்னும் எறுகியிருக்காது. நீங்க ஒரு வார்த்த சொன்னா இருட்டுனதும் நான் போயி..."

அடப்பாவி! வந்த ஆத்திரத்துல என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது. அவர வஞ்சேன். அத்தையையும் வஞ்சேன். "புள்ளையத் தின்னது பத்தாதுன்னு எங்க சோத்துலயும் மண்ணப் போட்டீங்களே"ன்னு கத்துனேன். தின்னது எமன். அவங்க என்ன பண்ணுவாங்க? ஆனா எமன் முன்னால உக்காந்திருக்கல, அவங்கதான் உக்காந்திருந்தாங்க. கொழுந்தன் வெளிய போயிட்டாரு. நான் அடுப்படியில போயி படுத்துட்டேன். மனசுக்குள்ள ஒண்ணு மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. யாருக்குத் தெரியப்போவுது? மண்ண வெட்ட ஒரு மம்முட்டி, கொஞ்ச நேரம். சரின்னு சொல்லிடலாம்னுகூட இருந்துச்சு. எங்க வூட்டுக்காரரும் வேணாம்னா சொல்லுவாரு?

வெளக்கு வெக்கிற நேரத்துக்கு எந்திரிச்சா அத்தையக் காணல. செவுத்தோரமா சாத்தியிருந்த மம்முட்டியும் இல்ல.

அடிச்சுப் புடிச்சு ஓடுனேன். எங்கள்ல பொம்பளைங்க பொதைக்கிற எடத்துக்குப் போறதில்ல, முச்சந்தியோட நின்னுடணும். அவர எடுத்த அன்னைக்கும் அங்கதான் என்ன நிறுத்துனாங்க. அவர எங்க வெச்சிருக்காங்கன்னு நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல. கருவ மரத்துக்கு நடுவுல ஒரு மண்மேடு, காஞ்ச மாலை, அதுக்குப் பக்கத்துல அத்தை. தலமாட்டுல கொஞ்சம் வெட்டியிருந்தாங்க. மொறத்து அகலம்கூட இருக்காது. மம்முட்டிய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"நானே வெச்சேன், நானே எடுத்துக் குடுத்துடலாம்னுதான் வந்தேன்டி. முடியல. வெரல ஒண்ணொண்ணா மடக்கி மூடிவிட்டேன். எறுக்கிப் புடிச்சிருப்பான். எப்புடிடி புடுங்குறது?"

நான் மம்முட்டிய வாங்கி, வெட்டுன மண்ண இழுத்து மூடி, கையால தட்டி உட்டேன். அங்கயே உக்காந்து சொசைட்டிக்காரருக்கு ஃபோன் அடிச்சேன். "எங்க வண்டி வராதுங்க. லைன அவங்களுக்கே குடுத்துடுங்க"ன்னேன். அவரு "சரிம்மா"ன்னு வெச்சுட்டாரு. அப்புறம்தான் எனக்கு அழுகை வந்துச்சு. எங்க வூட்டுக்காரரு செத்தன்னைக்குக்கூட நான் அப்புடி அழுவல. அத்தை எம் முதுகத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

மறுநாள் விடியறதுக்கு முன்ன பால் வண்டி எங்க வாசலத் தாண்டிப் போச்சு. கேனுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்குற சத்தம். பக்கத்துல படுத்திருந்த அத்தை தூக்கத்துலயே, "அவன் கெளம்பிட்டானா, காப்பி குடிச்சானா?"ன்னு கேட்டாங்க.

"குடிச்சிட்டாரு அத்தை. படுங்க"ன்னேன்.