ஜட்ஜ் மாமா விடுதலை செய்த ரோமாபுரிப் பெண்

பிறருக்கு உரக்கப் படித்துக் காட்டுவது தொண்டைக்கான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைப்போல் அகப்பட்டுக்கொண்ட சகோதரர்களுக்குத் தெரியும், கதையில் யார் சாகலாம் என்று வீட்டாரிடம் அனுமதி வாங்கும் வேலை அது.

மயிலாப்பூரில் எங்கள் தெரு ரிடையர்டு ஜட்ஜ் மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் கட்டு. தலையை அசைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. வாத்தியார்கள் அத்தனை பேர் குரலிலும் பேசுகிறவன் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். புத்தகம், ஆதிக் கிறிஸ்தவர்களை ரோமாபுரிச் சக்கரவர்த்தி சிங்கத்துக்குப் போடுகிற சரித்திர நாவல்.

சக்கரவர்த்தியின் குரல்

ஒற்றனுக்குக் கணக்கு வாத்தியார் குரல், சிறைக் காவலனுக்கு, குண்டு விழும் விளக்கை அணை என்று யுத்த ராத்திரிகளில் அதட்டுகிற ஏ.ஆர்.பி. வார்டன் குரல். சக்கரவர்த்திக்குக் கனமான குரலாக வேண்டுமே? கட்டிலிலேயே கிடைத்தது! மாமாவின் இருமல், இழுப்பு, "ஹும், மேலே சொல்லும்" எல்லாவற்றையும் சேர்த்து வெளுத்துக் கட்டினேன். மாமி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். மாமா மட்டும் சிரிக்கவேயில்லை.

"இந்தக் கதையிலே அந்த ராஜா ஒருத்தன்தாண்டா நிதானமாப் பேசறான்."

கம்பவுண்டர்

கட்டு மாற்ற வருகிறவர் சாந்தோம் கம்பவுண்டர். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். அவர் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் கதையில் சரியாகக் கூண்டு திறக்கும். ஒரு நாள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா தம்பி, நான் வர்ற நேரமாப் பாத்து எங்காளுங்களையே சிங்கத்துக்குப் போட்டுக்கினு கீறே? எனக்குக் கை நடுங்குதுப்பா!"

மாமியின் சட்டம்

ராமாயணம் படித்தால் துக்கமான இடத்தில் நிறுத்தக் கூடாது. மேலே ஒரு நல்ல காரியம் வரும்வரை படித்துவிட்டுத்தான் மூட வேண்டும். மாமி அதே சட்டத்தை ரோமாபுரிக்கும் போட்டாள். ஒரு கிழவர் செத்தார். நல்லது வரட்டும் என்று மேலே படித்தால் இன்னும் இருவர் செத்தார்கள். தொண்டை கட்டிப்போன சமயத்தில் யாருக்கோ ஞானஸ்நானம் வந்தது.

"ஸ்நானம் ஆச்சோன்னோ? தீட்டுப் போயிடுத்து. மூடிடு."

தீர்ப்பு

மறுநாள் கட்டவிழ்க்கப் போகிறார்கள். அன்று சாயங்காலம் கதாநாயகி லிவியா சிங்கத்தின் எதிரே நிற்கிறாள். அடுத்த பக்கத்தை எட்டிப் பார்த்தேன். பிழைக்கவில்லை. அத்தோடு புத்தகமும் முடிந்துவிட்டது. ஒரு ஸ்நானம்கூட மிச்சமில்லை. மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாமாவுக்குக் கேட்காமல் சொன்னாள்: "அம்பி, நாளைக்கு அவருக்குக் கண் தெரியணும்டா. அவ பொழைச்சாத் தேவலை."

சக்கரவர்த்தி எழுந்தார். மாமாவின் இருமலை இருமினார். "குற்றம் நிரூபணமாகவில்லை. விடுதலை!" மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கேற்றப் போனாள்.

மறுநாள் மாமாவுக்கு ஜன்னல் கம்பி தெரிந்தது, மாமியின் மூக்குத்தி தெரிந்தது. புதுக் கண்ணாடி வந்ததும் முதலில் எடுத்தது அந்த நாவலைத்தான். எனக்கு ஆள் அனுப்பினார். கடைசிப் பக்கம் மடியில் திறந்திருந்தது.

"ஏண்டா, நான் விடுதலை பண்ணின பொண்ணை இந்தப் புஸ்தகக்காரன் எப்படிடா சிங்கத்துக்குப் போட்டான்?"

ஆகவே சகோதரர்களே, உரக்கப் படிக்கிறவனுக்கு உண்மையான சிங்கம், கேட்டவர் தாமே படித்துப் பார்க்கிற நாள்தான்.