எட்டில் இருந்த செவ்வாய்

யோகமலர் தான் பிறந்த கதையைச் சிரித்துச் சிரித்துத்தான் சொல்லுவாள். 1945 மாசி மாதம். மலாயாவை யப்பான்காரன் பிடித்து மூன்று வருடமாகியிருந்தது. அன்று வெயில் ஏறிய நேரம் நேசநாட்டுப் படையின் பெரிய விமானங்கள் கோலாலம்பூருக்கு மேலே வரிசைகட்டி வந்து, செந்தூல் ரயில் வேலைத்தளத்தில் குண்டுகளைக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போயின. அங்கே கிளாக்கராக இருந்த அவளுடைய ஐயா, கூரை பறந்த கந்தோரிலிருந்து செருப்பும் இல்லாமல் வீட்டுக்கு ஓடினார். அம்மா பதுங்குகுழியை விட்டு எழும்ப முடியாமல் வலியில் கிடந்தார். பிற்பகல் மூன்று பத்துக்குப் பிள்ளை அழுதது. ஊர் எரிந்துகொண்டிருந்தபோதும் மனிதர் கைமணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துவைத்தார். கிளாக்கர் அல்லவா!

போர் முடிந்து யாழ்ப்பாணம் திரும்பியதும் அந்த நேரத்தைக் கொடுத்துச் சாதகம் எழுதுவித்தார்கள். மிதுன லக்கினம், எட்டில் செவ்வாய். இவளைக் கட்டுகிறவன் நிலைக்கமாட்டான் என்று சாத்திரியார் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பிறகென்ன, ஆறு சம்பந்தம் வந்தது, ஆறும் வந்த வழியே திரும்பியது. யோகமலர் மூக்கைச் சிந்திக்கொண்டு மூலையில் குந்தவில்லை. தன்னைக் கட்டாததால்தான் அந்த ஆறு பேரும் பேரப்பிள்ளை கண்டார்கள் என்று மனதார நம்பினாள். அதில் அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ரொறன்ரோவுக்கு வந்து ஸ்காபரோவில் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். கேக் பக்டரி ஒன்றில் ஐசிங் போடுகிற வேலை. வேலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வானை ஓட்டியவர் நவரட்ணம். மனைவியை இழந்து ஆறு வருடமான மனிதர், பிள்ளைகள் இல்லை. அவரும் மலாயாவில், ஈப்போவில் பிறந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து வானின் முன் சீற் யோகமலருக்கு என்றாகிவிட்டது. அவள்தான் முதலில் ஏறுவாள், கடைசியாக இறங்குவாள். இரண்டு பனிக்காலம் கதைத்த பிறகு, கட்டுவமோ என்று கேட்டேவிட்டார். ஐம்பது வயதில் அந்தக் கேள்வி அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் மாட்டேன் என்றாள், காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். ஒஷாவாவில் இருந்த அவருடைய தமக்கை சாதகத்தை வாங்கி இங்கத்தைச் சாத்திரியாரிடம் காட்டினார். அவரும் எட்டில் செவ்வாய் என்றுதான் சொன்னார்.

“நான் எப்பிடியும் ஒருநாள் சாகத்தானே போறன்” என்று நவரட்ணம் சிரித்தார்.

“என்னாலை சாகக் கூடாது” என்றாள் யோகமலர்.

கலியாணப் பேச்சு அதோடு நின்றது. முன் சீற் மட்டும் அவளுக்கே இருந்தது.

1995 சித்திரையில், கோடைகாலத்துக்காக ஊர் முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய மறுநாள், திங்கட்கிழமை. விடிய ஆறு மணிக்கு வானில் ஏறிய யோகமலர், இப்போதுதான் விடியற்காலை வெளிச்சமாகிக்கொண்டு வந்தது, அதற்குள் மணிக்கூட்டைத் தள்ளித் திரும்பவும் இருட்டாக்கிவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டாள். வேறு யாரும் இன்னும் ஏறவில்லை.

“இதென்ன இருட்டு” என்றார் நவரட்ணம். “யப்பான்காரன்ரை காலத்திலை நாங்கள் நிலாவைப் பாத்துக்கொண்டெல்லோ பள்ளிக்கூடம் போனனாங்கள். மலாயா முழுக்க ரோக்கியோ நேரம். ஒண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. மணிக்கூட்டைத் திருப்பாதவனுக்குக் கன்னத்திலை அறை.”

யோகமலர் பக்டரி வரும்வரை விரல்விட்டு மணி எண்ணிக்கொண்டு வந்தாள். அன்று கேக்குகளில் ஐசிங் கோணல்மாணலாக விழுந்தது. ரயில் கந்தோரில் வேலை பார்த்த ஐயா மணிக்கூட்டைத் திருப்பாமலா இருந்திருப்பார்? அவர் குறித்த மூன்று பத்து யப்பான்காரனின் மூன்று பத்து. மலாயாவின் சொந்த நேரப்படி ஒன்று நாற்பது. ஊருக்கு வந்து சாத்திரியாருக்கு முன்னால் இருந்தபோது அது ஐயாவுக்கு நினைவு வரவில்லை. சாத்திரியாருக்கு அது எங்கே தெரியும்?

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பக்டரியின் பொதுத் தொலைபேசியில் காசு போட்டு, தமக்கை சாதகம் காட்டிய அதே சாத்திரியாரை எடுத்தாள். ஆள் யாரென்று சொல்லாமல் பிறந்த நாளையும், ஊரையும், ஒன்று நாற்பதையும் மட்டும் கொடுத்தாள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“ரிஷப லக்கினம். செவ்வாய் ஒன்பதிலை இருக்கு. ஒரு குற்றமும் இல்லை, தாராளமாச் செய்யலாம். இது எத்தினையாவது சம்பந்தம்?”

“ஏழாவது” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

முதலில் கோபம்தான் வந்தது. முப்பது வருடம்! ஐயாமேல், சாத்திரியார்மேல், யப்பான்காரன்மேல். ஆனால் அரை மணித்தியால இடைவேளையில் எவ்வளவுதான் கோபப்படுவது? சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது கோபம் போய்விட்டிருந்தது. நெஞ்சு நிறைந்த சந்தோசத்தில் புட்டு இறங்கவில்லை.

வேலை முடிந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் ஓடிவந்து வானில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள் சாகமாட்டியளாம்” என்றாள். நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

நவரட்ணம் உடனே சிரிக்கவில்லை. கைலேஞ்சியை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“நானும் உந்தச் செவ்வாய்க் குற்றத்தை நம்பினனான், மலர்” என்றார். “செத்தாலும் பரவாயில்லை, கட்டுவம் எண்டுதான் இருந்தனான்.”